துரைசானிக்கு வைத்த ஜன்னல்

சர்க்கார் ஆபீசுகளில் ஜன்னல்களுக்குக் குறைவில்லை. எதன் வழியாக எட்டிப் பார்த்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. என் உத்தியோக வாழ்க்கையில், உள்ளே நடப்பதை ஒளிவுமறைவு இல்லாமல் காட்டிய ஜன்னல் ஒன்றே ஒன்று. அது ஒரு பசுமாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இருந்தது.

மாட்டின் பெயர் துரைசானி. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள், எதிரே நிற்பவரை மனிதராக மதிக்காத ஒரு பார்வை, அதனால் அந்தப் பெயர். சொந்தக்காரி எல்லம்மாள். பிள்ளையார்பாளையத்தில் தறி வீடுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தவள். அவளிடம் இருந்தது அந்த ஒரு மாடுதான்.

நான் ஆதிகேசவன். செல்சுவர்ச் சர்க்கரை ஆராய்ச்சி நிலையத்தில் டைப்பிஸ்ட். எனக்கு டைப் அடிக்கத் தெரியும், அடித்தது என்ன என்று தெரியாது. இண்டர்வியூவில் இந்த இரண்டையும் சோதித்துப் பார்த்து, திருப்தியான பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள்.

நிலையம் தாமல் போகிற ரோட்டில், மூடிப்போன ஒரு ரைஸ் மில்லின் கிடங்கில் நடந்தது. அங்கே என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கே ஆறு மாதம் பிடித்தது. செடி கொடிகளின் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சுவர். அந்தச் சுவர் சர்க்கரையால் ஆனது, ஆனால் இனிக்காது. சர்க்கரையை நூலாக இழுத்து, பாவும் ஊடையுமாகப் போட்டு, யாராலும் பிரிக்க முடியாதபடி நெய்து வைத்த மாதிரி இருக்கும். வைக்கோல் அதுதான், காகிதம் அதுதான், பருத்தித் துணியும் அதுதான். மனுஷன் வயிற்றால் அதைப் பிரிக்க முடியாது. உண்மையில் மாட்டாலும் முடியாது. மாட்டின் வயிற்றில் கோடிக்கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் என்ஸைம் என்று ஒன்றைச் சுரந்து, கத்தரிக்கோலால் நறுக்குவதுபோல இழை இழையாக நறுக்கி, தாங்களும் தின்று மாட்டுக்கும் கொடுக்கின்றன. அந்தக் கத்தரிக்கோலைப் பிடிப்பதுதான் எங்கள் லட்சியம்.

டைரக்டர் டாக்டர் அப்பாதுரை திறப்பு விழாவில் பேசியது என்னிடம் இன்னும் இருக்கிறது. நான்தான் அடித்தேன். "நாட்டில் அரிசி இல்லை என்று ஜனங்கள் குறை சொல்கிறார்கள். குறை அரிசியில் இல்லை, ஜனங்களின் வயிற்றில் இருக்கிறது. வைக்கோல் மலை மலையாகக் கிடக்கிறது. அதைச் செரிக்கிற சக்தியை நாங்கள் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகும் ஒருவன் பசி என்று சொன்னால் அது அவனுடைய பிடிவாதம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எல்லோருக்கும் காராபூந்தியும் காபியும் கொடுத்தார்கள். வைக்கோல் கொடுக்கவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தல் முடிந்த கோடையில்தான் துரைசானி கண்டுபிடிக்கப்பட்டாள். பூக்கடைச் சத்திரத்துப் பக்கம் டைரக்டரின் ஜீப் நின்றபோது, ஒரு மாடு சுவரில் ஒட்டிய தேர்தல் போஸ்டர்களை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. கட்சி பேதம் பார்க்கவில்லை. மூன்று வேட்பாளர்களை அடியோடு முடித்துவிட்டு, நான்காமவர் சுயேச்சை என்பதால் இடுப்போடு விட்டுவிட்டது. டைரக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி, இந்த மாட்டின் வயிற்றில் இருப்பது சாதாரண பாக்டீரியா இல்லை, இதன் என்ஸைம் உலகத்திலேயே தனி ரகம் என்று நடுரோட்டில் அறிவித்தார்.

பக்கத்தில் நின்ற எல்லம்மாள், "அதுக்குப் பேரு பசிங்க ஐயா" என்றாள்.

அதை டைரக்டர் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றே மாதம், வேளாவேளைக்குத் தீனி, அப்புறம் மாட்டைப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம் என்று பேசினார்கள். அந்த வருஷம் வைக்கோல் கண்ணில் படவில்லை. துரைசானிக்குப் பாலும் வற்றிவிட்டிருந்தது, வயிற்றில் இரண்டு மாதச் சினை. எல்லம்மாள் ரொம்ப நேரம் யோசித்து, நான் அடித்த காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். சினை என்பதையும் அதில் எழுதச் சொன்னாள். சூப்பரிண்டெண்டு ராமலிங்கம், அது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்லி எழுதவிடவில்லை.

ராமலிங்கம் யார் என்று சொல்லிவிடுகிறேன். டைரக்டர் அறிவு, ராமலிங்கம் விதி. அறிவு வாரத்தில் நான்கு நாள் மெட்ராஸில் இருக்கும். விதி எப்போதும் இங்கேயே இருக்கும்.

மெட்ராஸிலிருந்து ஒரு மாட்டு டாக்டர் வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, துரைசானியின் விலாவுக்குப் பின்னால் வட்டமாக வெட்டி, ரப்பர் வளையம் வைத்து, ஒரு மூடியும் போட்டார். அவர் வெட்டிய நேரம் முழுக்க அவள் அசை போட்டுக்கொண்டிருந்தாள். மயக்கம் போட்டு விழுந்தது நான். எழுந்து தண்ணீர் குடித்தபோது எல்லம்மாள் டைரக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"கதவு வெக்கிறீங்க, சரி. யாரு சாத்துவாங்க?"

டைரக்டர் சிரித்தார். ராமலிங்கம் சிரிக்கவில்லை. மறுநாளே ஓர் ஆணை பிறந்தது. ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் கெஜட்டட் அதிகாரி முன்னிலையில், அவர் கையெழுத்துடன் மட்டுமே நடக்க வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே கெஜட்டட் அதிகாரி டைரக்டர். ஆகவே துரைசானியின் வயிறு வாரத்தில் நான்கு நாள் சட்டப்படி மூடியே இருந்தது. ஆவணங்களில் அவள் பெயரும் மாறியது. 'நொதித்தல் கலன், நடமாடும் வகை, ஒன்று.'

நான் அந்த ஜன்னலில் முதல் தடவை எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. சூடான ஆவி முகத்தில் அடித்தது. புளித்த கஞ்சி வாசனை. உள்ளே பச்சையாக ஒரு குழம்பு, மெதுவாகப் புரண்டு புரண்டு, நிற்காமல் வேலை செய்துகொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் வேலை நடப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பரிசோதனை முறை இது. வைக்கோலை நறுக்கி ஒரு சின்னப் பையில் போட்டு, வாயைக் கட்டி, ஜன்னல் வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வெளியே எடுத்தால், உள்ளே இருந்த வைக்கோலில் எவ்வளவு கரைந்தது என்று தெரியும். பை மட்டும் கரையக் கூடாது. ஆகவே பட்டுப் பை. அதைத் தைத்துக் கொடுத்தவர் ஃபக்ருதீன் பாய். தறி வீடுகளில் மிஞ்சும் துண்டுப் பட்டில் சுருக்குப் பை தைக்கிறவர். எனக்கு இந்த விஞ்ஞானத்தை விளங்க வைத்தவரும் அவர்தான். "பட்டு பூச்சியோட எச்சில், தம்பி. செடி கிடையாது. அந்தக் கிருமிங்க கையில இருக்கிற கத்தரி செடியை வெட்டுற கத்தரி, எச்சிலை வெட்டாது. தண்ணி உள்ள போவும், கிருமி உள்ள போவும், தின்னும், வெளிய வரும். பை அப்படியே பொண்ணு மாதிரி இருக்கும்."

அப்படியேதான் இருந்தது. பையை எடுத்துக் கழுவினால் கரையில் இருந்த தாழம்பூ ரேக்கு ஜரிகைகூடப் பளபளக்கும். உள்ளே வைக்கோலில் கால் பங்குதான் மிச்சம். நான் பதிவேட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுவேன். முதல் பத்தி, பை: பத்திரம். இரண்டாம் பத்தி, உள்ளடக்கம்: பெரும்பகுதி காணவில்லை. ராமலிங்கம் முதல் பத்தியை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடுவார். பை ஆபீஸ் சொத்து, வைக்கோல் அப்படி இல்லை என்பது அவர் வாதம். இந்தப் பழக்கத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டு மாதம் போனதும் ராமலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. கல்யாணப் பெண்கள் உடுத்துகிற பட்டு, மாட்டு வயிற்றுக்கு எதற்கு? டெண்டர் கேட்டார். காடாத் துணிப் பை தைக்கிறவருக்குக் கிடைத்தது. காடா என்றால் பருத்தி, பருத்தி என்றால் செடி என்று நான் எடுத்துச் சொன்னேன். டெண்டரில் செடி பூச்சி என்று வித்தியாசம் பார்க்க இடமில்லை என்றார்.

காடாப் பையைக் காடா நூலில் கட்டி இறக்கினோம். இரண்டு நாளில் எடுக்க வேண்டியது. டைரக்டர் மெட்ராஸில் இருந்ததால் பத்து நாள் ஆனது. திறந்து கையை விட்டுத் துழாவினால் வைக்கோல் இல்லை, பை இல்லை, கட்டிய நூலும் இல்லை.

பை திருடு போய்விட்டது என்று ராமலிங்கம் அறிக்கை கொடுத்தார்.

மூன்று பேர் விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. மாட்டுக்குள் கை விடக்கூடிய ஊழியர்கள் யார் யார் என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பிறகு ஜன்னலின் விட்டத்தையும் ஊழியர்களின் கைகளையும் அளந்தார்கள். என் கை மட்டும் தாராளமாக நுழைந்தது. சின்ன வயதிலிருந்தே என் உடம்பைப் பார்த்து அனுதாபப்படாதவர்கள் இல்லை. அன்றைக்குத்தான் அது குற்றமானது. கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்து, "நீர் எடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். மாட்டிடம் கேட்கலாம் என்றேன். அது எழுத்துமூலம் தருமா என்றார்.

தினமும் மாட்டைப் பார்க்க வந்த எல்லம்மாளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் கமிட்டியை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "செவுத்துல இருந்த ஆளுங்களையே தின்னுது. உங்க கந்தத் துணிய வுட்டுக்கினு இருக்குமா?"

இது ஊகம் என்று கமிட்டி தள்ளிவிட்டது. தீர்ப்பு: திருடன் யார் என்று தெரியவில்லை, இனி நடக்காதபடி ஜன்னலுக்குப் பூட்டுப் போட வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும், பட்டுப் பைக்கே திரும்ப வேண்டும், ஏனென்றால் பட்டுப் பை ஒரு தடவைகூடக் களவு போனதில்லை. புதுப் பூட்டு வாங்க அனுமதி வரத் தாமதமாகும் என்பதால், ஆபீஸ் பீரோவில் இருந்த பித்தளைப் பூட்டைக் கழற்றி, மூடிக்கு ஒரு கொண்டி அடித்து, துரைசானிக்கு மாட்டினார்கள்.

மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. எல்லம்மாள் வாரா வாரம் கயிற்றோடு வந்தாள், கயிற்றோடு போனாள். ஆடி போய் ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் டைரக்டரே அவளுக்குப் பதில் சொன்னார். நான் குறிப்பெடுத்தேன்.

"அம்மா, மாடு உங்களுடையது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மாட்டுக்குள் இருக்கிற பாக்டீரியா, சர்க்கார் தீனியைத் தின்று வளர்ந்தது. அது தேசத்தின் சொத்து. சர்க்கார் பாக்டீரியாவை இங்கே விட்டுவிட்டு மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம். எங்களுக்கு ஆட்சேபணை கிடையாது."

"வுட்டுட்டுன்னா எப்பிடிங்க?"

"அதை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். ஒன்றுகூட வெளியே போகவில்லை என்று எனக்குச் சான்றிதழ் வேண்டும்."

எல்லம்மாள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கேட் வரை போய்த் திரும்பி வந்து, துரைசானியின் நெற்றியைச் சொறிந்துவிட்டுப் போனாள். நான் தலையைக் குனிந்து டைப் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அன்றைக்கு அதற்கு நாலு தடவை எண்ணெய் விட்டேன்.

புரட்டாசியில் அந்த ஆணையை அடித்தேன். 'திட்ட நிறைவு. அக்டோபர் பதினைந்தாம் தேதி கலனை முழுமையாகத் திறந்து உள்ளடக்கம் அனைத்தையும் எடுத்து அளவிடுதல்.' அசல் ஒன்று, நகல் மூன்று. என் வழக்கப்படி அர்த்தம் பார்க்காமல்தான் அடித்தேன். கார்பன் தாளை உருவும்போதுதான் கலன் என்பது யார் என்று ஞாபகம் வந்தது. முழுமையாகத் திறப்பது என்றால் மூடியைத் திறப்பது இல்லை.

அன்று சாயங்காலம் பை வாங்கும் சாக்கில் ஃபக்ருதீன் பாய் கடைக்குப் போனேன். எல்லம்மாள் பாய் வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். தன் மாடு இல்லாததால் யாரிடமோ வாங்கி ஊற்றினாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. செம்பைக் கீழே வைத்தாள்.

"எட்டு மாசம் ஆவுது சினை. ஆறு மாசமா கதவைத் தொறந்து உள்ள இருக்கிற பூச்சிய எண்ணிக்கினு இருந்தாங்களே, கன்னுக்குட்டி ஒருத்தர் கண்ணுலயும் படலியா?"

படவில்லை என்றேன். அது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பிறகு, அறுக்கிறதுக்கு முன்னால் அந்த ஆபீசில் எதைப் பார்த்துக்கொண்டு அறுப்பார்கள் என்று கேட்டாள். ஃபைலை என்றேன். டெல்லி அனுமதி, கையெழுத்துகள், உன் கைநாட்டு, எல்லாம் அந்த ஒரே ஃபைலில். அது மேஜை மேல் இல்லாவிட்டால் ராமலிங்கம் தன்மேல் உட்கார்ந்த ஈயைக்கூட அடிக்கமாட்டார்.

"அதை எங்க வெச்சிருக்கீங்க?"

"பீரோவில்."

"பூட்டி?"

"பூட்டைத்தான் துரைசானிக்குப் போட்டிருக்கிறதே."

ஃபக்ருதீன் பாயின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. எல்லம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் தைத்து வைத்திருந்த பட்டுப் பையை எடுத்து, உள்ளங்கையில் விரித்து, வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். அப்படியே சிரித்தாள். நான் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும், தெரிந்தால் அறிக்கை கொடுக்க வேண்டிவரும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, எல்லோரும் கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து, எல்லம்மாள் கேட்டில் வந்து நின்றாள். ஊருக்கே கேட்கிற குரல் அவளுக்கு.

"யோவ் சூப்பரெண்டு, கேட்டுக்கோ. எங்க மாட்டைக் கட்டி வெச்சிருக்கிறது கயிறு இல்ல, உங்க காயிதக் கட்டு. இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கி உள்ள பூந்து அதை எடுத்துக்கினு போவல, எம்பேரு எல்லம்மா இல்ல. உங்க பீரோவுக்குப் பூட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்."

ராமலிங்கம் திரும்பினார். பீரோவைப் பார்த்தார். அது தானே திறந்து ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு நாள் ஆயுத பூஜை லீவு. வாட்ச்மேன் ஒருவன், அவனும் மாட்டுக்குக் காவல். சட்டப்படி அவன் மாட்டைவிட்டு நகரக் கூடாது. ராமலிங்கம் அறைக்குள் மேலும் கீழும் நடந்தார். ஒரு இடத்தில் நின்றார். ஒரு மனிதனின் முகத்தில் ஞானம் உதிப்பதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

"ஆதிகேசவன், இந்த ஆபீசில் பூட்டும் காவலும் உள்ள இடம் எது?"

"துரைசானி, சார்."

"கெஜட்டட் அதிகாரி இல்லாமல் யாராலும் திறக்க முடியாத இடம்?"

"துரைசானிதான், சார்."

"இதுவரை பட்டுப் பையில் வைத்து அதற்குள் இறக்கியது ஏதாவது களவு போயிருக்கிறதா?" அவரே பதிவேட்டைப் பிரித்து, முதல் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "பை பத்திரம், பை பத்திரம், பை பத்திரம். பதினெட்டு தடவை. ரிசர்வ் பாங்கில்கூட இவ்வளவு பத்திரம் கிடையாது."

நான் ஒரு குமாஸ்தாவாக நேர்மையாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காடாவா, பட்டா?

"பட்டுதான் ஐயா. காடா களவு போகும்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புரட்சி, அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான். அதற்கு முன்பும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அது உத்தியோகம். இது வேறே.

நகல் வெளியே இருந்தால் அசலுக்கு ஆபத்து என்று ஆணையின் நான்கு பிரதிகளையும் ஃபைலோடு சேர்த்துச் சுருட்டச் சொன்னார். பெரிய பையாக வேண்டும், அவசரம் என்று என்னை ஃபக்ருதீன் பாயிடம் துரத்தினார். பாய் ஏற்கெனவே தைத்து வைத்திருந்தார். தலையணை உறை அளவு. அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஒரு குத்துமதிப்புதான், தம்பி" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

டைரக்டர் மெட்ராஸ் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். விலைமதிப்பற்ற ஓர் ஆவணத்தைப் பாதுகாப்பான அறைக்கு மாற்றுவதாக ராமலிங்கம் நீட்டிய காகிதத்தில் ஜீப்பில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டார். எந்த அறை என்று கேட்கவில்லை. ஜீப் கேட்டைத் தாண்டும்வரை அதிகாரி முன்னிலைதான் என்பது ராமலிங்கத்தின் கணக்கு. அந்தக் காகிதத்தையும் ராமலிங்கம் ஃபைலில் கோத்தார். பை உள்ளே போனது. ஜன்னல் மூடியது. பூட்டு விழுந்தது. துரைசானி ஒரு தடவை வாலை வீசிவிட்டு அசை போடத் தொடங்கினாள்.

ஆயுத பூஜைக்கு டைப் மெஷின், தராசு, மைக்ராஸ்கோப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கலன் என்பதால் துரைசானிக்கும் ஒரு பொட்டு. பூட்டுக்கு இரண்டு. ராமலிங்கம் அவள் வயிற்றுக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டார். உள்ளே கோடிக்கணக்கான தொழிலாளர்கள் லீவு எடுக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டர் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆனது. பதினான்காம் தேதி காலை ஆபீசே மாட்டைச் சுற்றி நின்றது. எல்லம்மாள் கயிற்றோடு கேட்டில் நின்றாள். அன்றைக்கு அவளை உள்ளே விட்டது நான். கேட்டைத் திறந்த கை, கமிட்டி அளந்த அதே கை.

பையை எடுத்துக் கழுவினோம். ஒரு இழை பிரியவில்லை. ராமலிங்கம் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "பை பத்திரம்" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவிழ்த்தார். உள்ளே ஃபைல் நாடாவின் தகரக் குச்சம் இரண்டு, குண்டூசி ஐந்து, டெல்லி முத்திரை அரக்கு ஒரு துண்டு, ஒரு கரண்டி பச்சைக் கூழ். டெல்லி அனுமதி இல்லை, கமிட்டி அறிக்கை இல்லை, என் கை அளவு இல்லை, அக்டோபர் பதினைந்து இல்லை.

டைரக்டர் கூழை விரலால் தொட்டுப் பார்த்தார். சொல்லிவிடுகிறேன், அந்த மனிதர் முகத்தில் ஒரு கணம் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. அட்டை, பசை, தாள், எல்லாம் கரைந்திருந்தது. உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் இப்படி ஒரு முடிவு கிடைத்திருக்காது. அதை எந்தப் பத்திரிகைக்கும் எழுத முடியாது என்று அடுத்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எல்லம்மாள் வந்து கழுத்தில் கயிற்றைப் போட்டாள்.

ராமலிங்கம் குறுக்கே வந்தார். கேட் பாஸ் இல்லாமல் நிலையத்தின் பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது. சரி, பாஸ் கொடுங்கள் என்றாள். என்னை அடிக்கச் சொன்னார். நான் மெஷினில் தாளைச் செருகி, எந்தப் பொருள், எந்த ஃபைல் எண் என்று மரியாதையாகக் கேட்டேன். ஃபைல் இல்லை என்றால் மாடு வந்ததே இல்லை. வராத மாடு போகவும் முடியாது, அதைத் தடுக்கவும் முடியாது. ஃபைல் எங்கே என்று எழுதப் போனால், அதை மாட்டுக்குள் வைத்தவர் யார் என்றும் எழுத வேண்டும். இருபத்தாறு வருஷம் விதியாகவே இருந்த மனிதர், முதல் தடவையாகத் தலையெழுத்தை நம்புகிறவர்போல மேலே பார்த்தார்.

டைரக்டர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். குரலில் பழைய திறப்பு விழா இல்லை.

"மாட்டைக் கொண்டு போங்கள், அம்மா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டியது என் கடமை. உள்ளே இருக்கிற பாக்டீரியா சர்க்காருடையது."

எல்லம்மாள் கயிற்றை என் கையில் கொடுத்தாள். இரண்டு கெஜம் தூரத்தில் கெஜட்டட் அதிகாரி நிற்க, யாரிடமும் கேட்காமல், துரைசானியின் ஜன்னலை முழுசாகத் திறந்தாள். ஆவி வந்தது. குனிந்து, பஸ் கண்டக்டர் மாதிரி வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து உள்ளே குரல் கொடுத்தாள்.

"கவருமெண்டு ஆபீசு வந்துடுச்சி. யாருப்பா உள்ள சர்க்காரு ஆளுங்க? எறங்குறவங்கல்லாம் எறங்கிக்கோங்க."

நின்று காத்தாள். நாங்களும் காத்தோம். ராமலிங்கம்கூட எட்டிப் பார்த்தார். உள்ளே அந்தப் பச்சைக் குழம்பு ஒரு தடவை புரண்டு, மெல்ல ஒரு குமிழி விட்டு, தன் வேலையைப் பார்த்தது. அதற்கு அந்தப் பக்கம், தோலுக்கு அடியில், வேறு ஏதோ ஒன்று உதைத்தது.

"யாரும் எறங்கலிங்க" என்று டைரக்டரிடம் சொன்னாள்.

மூடியை வைத்து, உள்ளங்கையால் ஓர் அடி அடித்து, அவளே சாத்தினாள்.